மண்ணுள் மறைந்த மருந்து

நாஞ்சில் நாடு நீர்வளமும் நிலவளமும் ஒருங்கே வாய்ந்தது. ஒருபுறம் மலைத்தொடர் அரணாக நிற்கிறது. மறுபுறம் கடல் அலை வீசுகிறது. இடையே வயல்களும் குளங்களும் தோப்புகளும் பரந்து கிடக்கின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் பேறு இம்மண்ணுக்கு உண்டு. கோடையில் வறண்டு கிடந்த நிலத்தில் முதல் மழைத்துளி விழுந்தவுடன் இனியதொரு மணம் எழும். அம்மணத்தை நுகர்ந்து மகிழாத உழவர் இலர். 'மண் மணக்கிறது' என்று மக்கள் கூறுவர். உண்மையில் மணப்பது மண்தானா?

1965-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெர்பர், லெச்செவாலியே என்னும் அறிஞர் இருவர் இதற்கு விடை கண்டனர். அம்மணத்துக்குப் பெரிதும் காரணமான பொருளை அவர்கள் பிரித்தெடுத்து, அதற்கு ஜியோஸ்மின் என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் மண்ணின் மணம் என்பது அதன் பொருள். அப்பொருளை உண்டாக்குவது மண் அன்று. மண்ணில் வாழும் ஆக்டினோமைசீட்டு என்னும் நுண்ணுயிர்க் கூட்டம். இவை பாக்டீரியா வகையைச் சேர்ந்தவை, கண்ணுக்குப் புலப்படாதவை. இவற்றுள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் இனம் தலையாயது. மழைநாளில் மணத்தைத் தரும் இவ்வினமே, மாந்தரை வாட்டும் புற்றுநோய்க்கு மருந்தும் தருகிறது என்றால் வியப்பாக இருக்கிறதன்றோ?

புற்றுநோய் என்பது யாது? நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆகியது. அவை தேவைக்கேற்பப் பெருகும். தேவை முடிந்ததும் பெருக்கத்தை நிறுத்தும். இவ்வொழுங்கு கெட்டு, உயிரணுக்கள் அடங்காமல் பெருகுவதே புற்றுநோயாகும். களை பயிரை நெருக்குவது போல, அவை நல்ல உயிரணுக்களை நெருக்கி அழிக்கும்.

நாஞ்சில் நாட்டு மக்களுக்கு இந்நோய் புதிதன்று. திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்காலத்தில், நெய்யூரில் இருந்த மிஷன் மருத்துவமனைக்கு வாய்ப்புற்று உடையோர் பலர் வந்தனர். அங்குப் பணியாற்றிய ஆர் என்னும் மருத்துவர், வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லும் வழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1933-ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் என்னும் மருத்துவ இதழில் இடம்பெற்றது. அக்காலத்தில் புற்றுநோயை எதிர்க்க மருத்துவரிடம் இருந்த படைக்கலங்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, கட்டியை அறுத்து அகற்றும் கத்தி. மற்றொன்று, அதனைச் சுட்டு அழிக்கும் கதிர். ஓரிடத்தில் நிற்கும் கட்டிக்கு இவை பயன்பட்டன. ஆனால் குருதியில் கலந்து உடலெங்கும் பரவும் நோயைக் கத்தியால் எவ்வாறு அறுப்பது? குருதியோடு தானும் சென்று பகையைத் தேடி அழிக்கும் மருந்து ஒன்று தேவைப்பட்டது.

அத்தகைய மருந்துகளுள் சில மண்ணிலிருந்து கிடைத்தன. செல்மன் வாக்ஸ்மன் என்பவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மண்வாழ் நுண்ணுயிர்களை ஆராய்ந்த பேரறிஞர். பிற்காலத்தில் காசநோய் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசினுக்காக 1952-இல் நோபெல் பரிசு பெற்றவர். அவரும் அவருடைய மாணவர் உட்ரப் என்பவரும் 1940-இல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஒன்றிலிருந்து ஆக்டினோமைசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது தொற்றுநோய்க் கிருமிகளைக் கொன்றது. ஆனால் விலங்குகளுக்குக் கொடிய நஞ்சாகவும் இருந்தது. ஆதலின், தொற்றுநோய்க்கு அது மருந்தாகவில்லை. எனினும் அறிஞர்கள் அதனை வீணென்று ஒதுக்கிவிடவில்லை. விரைந்து பெருகும் உயிரணுக்களையே அந்நஞ்சு மிகுதியாகத் தாக்குவதைக் கண்டனர். அதன் ஒரு வகையாகிய ஆக்டினோமைசின்-டி, 1950-களில் குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் கட்டி என்னும் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. இன்றும் அது பயன்பட்டு வருகிறது. நஞ்சும் அளவறிந்து ஆளப்படின் மருந்தாகும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

நுண்ணுயிர் நமக்காகவா மருந்து செய்கிறது? இல்லை. ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான உயிர்கள் இடத்துக்கும் இரைக்கும் போட்டியிடுகின்றன. பகையை விலக்குவதற்காகச் சில உயிர்கள் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றுள் தமக்குப் பயன்படுவதைத் தேர்ந்தெடுத்துக் கொள்வது மனிதனின் அறிவு.

இத்தாலி நாட்டின் தென்பகுதியில், ஆட்ரியாட்டிக் கடலுக்கு அருகில், காஸ்தெல் தெல் மோந்தே என்னும் பழைய கோட்டை ஒன்று உள்ளது. அதன் சுற்றுப்புறத்து மண்ணில் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிர் கிடைத்தது. அது மாணிக்கம் போன்ற செந்நிறப் பொருளை உண்டாக்கியது. 1960-களின் தொடக்கத்தில் இத்தாலிய ஆய்வாளரும் பிரெஞ்சு ஆய்வாளரும் தனித்தனியே கண்ட அப்பொருளுக்கு டானோரூபிசின் என்பது பெயர். அது குருதிப் புற்றுநோயை எதிர்க்க வல்லதாயிருந்தது. இத்தாலிய ஆய்வாளர் அதனோடு அமையவில்லை. அந்நுண்ணுயிரைத் தக்க வேதிப்பொருளுக்கு ஆட்படுத்தி, அதன் மரபுக்கூற்றில் மாற்றம் உண்டாக்கினர். மாறிய உயிர் சிறிதே வேறுபட்ட புதிய பொருளைத் தந்தது. அதுவே டாக்சோரூபிசின். கடலின் பெயரால் அதனை ஆட்ரியாமைசின் என்றும் வழங்குவர். இவ்விரு பொருள்களுக்கும் உள்ள வேறுபாடு ஓர் ஆக்சிஜன் அணுவே! ஆயினும், அவ்வோர் அணுவால் மருந்தின் ஆற்றல் பெரிதும் விரிந்தது. மார்பகப் புற்று முதலிய பலவகை நோய்களுக்கு டாக்சோரூபிசின் பயன்படுகிறது.

அம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது? உயிரணுவின் உள்ளே முறுக்கிய கயிற்றேணி போன்ற மரபிழை உள்ளது. அதனை டி.என்.ஏ. என்பர். உயிரணு இரண்டாகப் பிரியுமுன் இவ்விழையைப் படியெடுக்க வேண்டும். மருந்து அவ்வேணியின் படிகளுக்கிடையே நுழைந்து கொள்கிறது. படியெடுக்கும் வேலை தடைப்படுகிறது, இழை அறுகிறது, புற்றணு மடிகிறது.

ஜப்பான் நாட்டு அறிஞர் உமெசாவா 1966-இல் அறிவித்த பிளியோமைசின் என்னும் மருந்தும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் தந்ததே. நெய்யூர் மருத்துவர் கண்ட வாய்ப்புற்றுப் போன்ற நோய்களின் சிகிச்சையிலும் அது பயன்பட்டுள்ளது.

மண்ணில் இருக்கும் நுண்ணுயிர் மருந்தைச் சுரக்கும் அளவு மிகச் சிறிது. ஒரு நோயாளிக்குக்கூட அது போதாது. அதனைப் பெருக்கும் கலையே உயிரித் தொழில்நுட்பம். நாஞ்சில் நாட்டுத் திருப்பதிசாரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கு நெல் வகைகளை ஒப்பிட்டு, விளைவு மிக்க விதையைத் தேர்ந்து உழவருக்கு வழங்குகின்றனர். அதுபோலவே, ஆய்வுக்கூடத்தில் ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்க் கூட்டங்களை வளர்த்து, மிகுதியாகச் சுரப்பதைத் தேர்ந்தெடுப்பர். அதில் மாற்றம் உண்டாக்கி, மீண்டும் தேர்வர். இவ்வாறு பன்முறை தேர்ந்தபின் நல்வித்து ஒன்று கிடைக்கும்.

அந்நல்வித்தைப் பெரிய எஃகுக் கலங்களில் விதைப்பர். கலத்தினுள் மாவுச்சத்தும் புரதமும் உப்புகளும் கலந்த நீர் இருக்கும். இட்லி மாவு புளிப்பதற்கு இளஞ்சூடு வேண்டுவது போல, இங்கும் வெப்பம் அளவாக இருத்தல் வேண்டும். தூய காற்றை இடைவிடாது செலுத்த வேண்டும். வேறொரு கிருமி புகுந்துவிடின் விளைவு முழுவதும் பாழாகும். சில நாள்களில் நுண்ணுயிர் பெருகி மருந்தைச் சுரக்கும். பின்னர் வடித்தும் பிரித்தும் தூய்மை செய்தும் மருந்தை எடுப்பர்.

பாக்டீரியா தரும் மற்றொரு மருந்து, பகையைக் கொல்லும் நஞ்சு அன்று. பகையின் உணவை அழிக்கும் நொதியாகும். 1953-இல் கிட் என்னும் ஆய்வாளர், கினிப்பன்றியின் குருதிநீர் எலிகளின் ஒருவகைப் புற்றை அழிப்பதைக் கண்டார். அதற்குக் காரணம் அஸ்பாரஜினேஸ் என்னும் நொதியே என்பதைப் புரூம் என்பவர் 1961-இல் வெளிப்படுத்தினார். கினிப்பன்றியின் குருதியிலிருந்து மருந்துக்குப் போதிய நொதியைப் பெறல் இயலுமா? 1964-இல் மாஷ்பர்ன், ரிஸ்டன் என்னும் இருவர், மனிதக் குடலில் வாழும் எஸ்செரிச்சியா கோலி என்னும் பாக்டீரியாவிலும் அந்நொதி உண்டென்றும், அதுவும் புற்றை அழிக்குமென்றும் காட்டினர். வழி திறந்தது.

அதன் செயலை விளக்கப் பழந்தமிழ் வரலாறு ஒன்று துணை செய்யும். மூவேந்தர் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டனர். உள்ளே உணவு செல்லாதபடி தடுத்தனர். ஆயினும் பறம்பு வீழவில்லை. உழவர் உழாமலே விளையும் பொருள்கள் அம்மலையில் இருந்தன. நம் உடலின் நல்ல உயிரணுக்கள் பறம்பு மலை போன்றவை. அஸ்பாரஜின் என்னும் சத்தை அவை தாமே ஆக்கிக்கொள்ள வல்லன. குழந்தைகளைத் தாக்கும் குருதிப் புற்றணுக்கள் பெரும்பாலும் அவ்வாற்றல் அற்றவை. குருதியில் வரும் அஸ்பாரஜினையே நம்பி வாழ்பவை. நொதி குருதியிலுள்ள அச்சத்தை அழித்துவிடுகிறது. முற்றுகையில் அகப்பட்ட புற்றணு பசியால் மடிகிறது. நல்லணு நிலைத்து நிற்கிறது.

சில குழந்தைகளின் உடல் இந்நொதியை ஏற்பதில்லை. தடிப்பும் மூச்சுத்திணறலும் தோன்றும். அவர்களுக்காக, செடிகளை அழுகச் செய்யும் எர்வினியா என்னும் வேறொரு பாக்டீரியாவின் நொதியைப் பயன்படுத்தினர். அண்மையில், எர்வினியாவின் நொதிக்குரிய மரபணுவைச் சூடோமோனாஸ் என்னும் மூன்றாவது பாக்டீரியாவினுள் சேர்த்து, அதனைக் கொண்டே நொதியை விளைவித்தனர். அம்மருந்துக்கு அமெரிக்க அரசு 2021-இல் ஒப்புதல் வழங்கியது. ஓர் உயிரின் கைத்தொழிலை மற்றோர் உயிருக்குக் கற்பித்ததை ஒக்கும் இது!

ஒரு காலத்தில் குருதிப் புற்று வந்த குழந்தை சில திங்களுக்குமேல் வாழாது. இன்று மருத்துவ வசதி நிறைந்த நாடுகளில், கடிய நிணநீரணுப் புற்றால் தாக்கப்பெற்ற குழந்தைகளுள் பத்தில் எட்டுக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். ஒரு மருந்தால் விளைந்த வெற்றியன்று இது. செடிகள் தந்தனவும் நுண்ணுயிர்கள் தந்தனவும் மனிதர் ஆக்கியனவுமாகிய பல மருந்துகள் கூடி விளைத்த வெற்றியாகும். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை, ஏழை எளியோர்க்கும் இத்தகைய சிகிச்சை கிடைக்க வழி செய்தது.

இம்மருந்துகள் குற்றமற்றவை அல்ல. விரைந்து பெருகும் நல்லணுக்களையும் இவை தாக்கக்கூடும். அதனாலேயே முடி உதிர்கிறது, வாந்தி வருகிறது, குருதியணுக்கள் குறைகின்றன. டாக்சோரூபிசின் அளவு மிகின் இதயத்தைக் கெடுக்கும். பிளியோமைசின் நுரையீரலைக் கெடுக்கும். ஆதலின், மருத்துவர் எடையறிந்து, நாளறிந்து, நோயாளியின் வலியறிந்து இவற்றைத் தருவர். தீங்கு குறைந்த மருந்தைத் தேடும் பணி ஓயவில்லை.

தேடுவதற்கு இடமும் குறையவில்லை. 2002-இல் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸின் மரபுத்தொகுதி முழுவதையும் அறிஞர் படித்தறிந்தனர். இருபதுக்கு மேற்பட்ட பொருள்களை ஆக்கும் மரபணுத் தொகுதிகள் அதில் இருந்தன. அவற்றுட் பல அதுவரை எவரும் அறியாதவை. உறங்கும் அத்திறங்களை எழுப்புவது இற்றை நாள் ஆய்வாளரின் பணி. கடலும் கைவிடவில்லை. பகாமாத் தீவுக் கடலடி மண்ணில் கிடைத்த சாலினிஸ்போரா என்னும் பாக்டீரியாவிலிருந்து புற்றணுவை அழிக்கும் புதிய பொருள் ஒன்றைக் கண்டதாக 2003-இல் கலிபோர்னிய ஆய்வாளர் அறிவித்தனர். அது நோயாளிகளிடம் சோதிக்கப்படும் நிலை வரை சென்றது. கண்டதெல்லாம் மருந்தாவதில்லை, ஆயினும் தேடாதவர்க்கு ஒன்றும் கிட்டுவதில்லை.

பழையாறு கடலோடு கலக்கும் மணக்குடிக் கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் செழித்து நிற்கின்றன. அவற்றின் வேரடிச் சேற்றிலும் நுண்ணுயிர்கள் எண்ணில வாழ்கின்றன. இராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல்சார் அறிவியல் தொழில்நுட்ப மையம் அமைந்திருக்கிறது. மலையும் வயலும் கழியும் கடலும் ஒருங்கே அமைந்த நாஞ்சில் நாட்டு இளைஞருக்கு ஆராய்ச்சிக்களம் வீட்டு வாயிலிலேயே இருக்கிறது.

மருந்து கிடைத்துவிட்டதென்று நோயை வரவழைத்துக்கொள்ளுதல் அறிவுடைமையாகாது. நெய்யூர் ஆராய்ச்சி அன்று காட்டிய உண்மை இன்றும் பொருந்தும்: புகையிலையை விலக்கினால் வாய்ப்புற்றுப் பெரும்பாலும் அணுகாது. ஆறாத புண்ணோ கட்டியோ தோன்றின், அதனை மறைக்காமல் உடனே மருத்துவரை அடைதல் வேண்டும்.

சிறியன என்று எவற்றையும் இகழலாகாது. காலடியில் மிதிபடும் மண்ணில், கண்ணுக்குத் தோன்றாத உயிர், குழந்தையின் உயிரைக் காக்கும் மருந்தைச் சுரக்கிறது. அதனைக் கண்டறிந்தது பல நாட்டு அறிஞரின் சலியாத உழைப்பு. முதல் மழையில் நாஞ்சில் நாட்டு வயல்களிலிருந்து எழும் மணம், மண்ணுள் மறைந்திருக்கும் அம்மருத்துவர்களை மக்களுக்கு ஆண்டுதோறும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.