கணக்கில் வராத செலவு



ஆர்ச்வே ஸ்ரேஷனிலிருந்து மேட்டில் ஏறினால் விட்டிங்டன் வைத்தியசாலை. அதன் பின்பக்கம், டாட்மத் பார்க் ஹில் வீதியில், ஹைகேட் மனநல நிலையம். மனநோயால் நாட்டுக்கு எவ்வளவு செலவு என்று யாரும் கேட்டால் இப்படிப்பட்ட கட்டடங்களும் கட்டில்களும் மருந்துகளுந்தான் எங்கள் நினைவுக்கு வரும். ஒரு தாதியாகச் சொல்கிறேன், பெரிய செலவு அங்கே இல்லை. வீடுகளில் இருக்கிறது.

சென்ரர் ஃபோர் மென்ரல் ஹெல்த் என்ற அமைப்பு 2024இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 2022ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கு மனநோயால் வந்த இழப்பு ஏறத்தாழ 300 பில்லியன் பவுண். இதில் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் போனது 60 பில்லியன் மட்டுமே. அதற்குள்ளும் குடும்பத்தார் சம்பளமில்லாமல் செய்யும் பராமரிப்பு அடங்குகிறது. வேலையில் ஏற்பட்ட இழப்பு 110 பில்லியன். மிச்சம் 130 பில்லியன், நோயால் குறைந்துபோன வாழ்வுக்கும் ஆயுளுக்கும் போட்ட மதிப்பு.

இதை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். அண்ணா யூனிக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவரைத் தனியே விடப் பயந்து அம்மா கடை வேலையைப் பாதியாகக் குறைக்கிறா. அதை ஈடுகட்ட அப்பா இரவு வேலையும் எடுக்கிறார். ஜீ.பி.யிடம் மொழிபெயர்க்கத் தங்கை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிற்கிறா. நோய் ஒருவருக்கு. வருமானமும் படிப்பும் நித்திரையும் போனது நாலு பேருக்கு. சொந்தக்காரருக்குத் தெரியக்கூடாது என்று மறைத்து வைக்கிற ஒவ்வொரு மாதமும் இந்தச் செலவு கூடிக்கொண்டே போகும்.

குறைக்க வழி இருக்கிறது. 2006இல் பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் லேயார்டும் அவருடைய குழுவும் ஒரு கணக்குக் காட்டினார்கள். ஒருவருக்குப் பேச்சுச் சிகிச்சை கொடுக்க ஏறத்தாழ 750 பவுண். அவர் வேலையில்லாமல் உதவிப்பணத்தில் இருந்தால் ஒரே மாதத்தில் அரசுக்கு வரும் இழப்பும் 750 பவுண். சிகிச்சையால் அவர் ஒரு மாதம் கூடுதலாக வேலை செய்தாலே போட்ட காசு திரும்பிவிடும். 2008இல் இங்கிலாந்தில் இலவசப் பேச்சுச் சிகிச்சைத் திட்டம் தொடங்க இந்த வாதம் பெரிதும் உதவியது. இன்று பெரியவர்கள் ஜீ.பி.யின் கடிதம் இல்லாமல் நேரடியாகவே அதற்கு விண்ணப்பிக்கலாம். மொழிபெயர்ப்பாளரை என்.எச்.எஸ். இலவசமாகத் தரும், தங்கை பள்ளிக்கூடத்தை விடத் தேவையில்லை.

இல்லாத குரல்கள் கேட்பது, எல்லோரும் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று நம்புவது போன்றவை தொடங்கினால் காத்திருக்க வேண்டாம். உடனே ஜீ.பி.யிடம் சொல்லுங்கள். முதல் தடவை இப்படி வருபவர்களுக்கென்றே தனிக் குழுக்கள் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவதே அவற்றின் இலக்கு. அவசரமென்றால் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வேலைக்குத் திரும்ப முடியாதவரும் இருக்கிறார், அவருடைய மதிப்பு பவுணில் இல்லை. ஒருவர் ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தால் எங்கள் சபையில் சோறு கறி சமைத்துக்கொண்டு போகிறோம். மனநல வார்ட்டிலிருந்து வந்தவரின் கதவைத் தட்ட மட்டும் யோசிக்கிறோம். அந்த வீட்டு அம்மாவுக்கும் அன்று சமைக்க நேரம் இருந்திருக்காது. அடுத்த தடவை அங்கேயும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியோடு போங்கள்.