என்னத்தைச் செய்து என்னத்துக்கு?
வன்னி வயலில் நின்று டோபமைனின் கணக்கைப் பார்த்தால்...

காலபோக நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்போது வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்பதைக் கிளிநொச்சி, முல்லைத்தீவுக்காரருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட அந்த இரவு இன்னும் பேச்சில் இருக்கிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. பசளை காணாத பயிர் மஞ்சளித்தது. எல்லாம் தப்பி வெட்டுக்கு வந்த வருடத்திலோ, வயல் வரம்போடு லொறியை நிறுத்தும் வியாபாரி, ஈரம் என்று சொல்லி மூட்டைக்குச் சில கிலோவைக் கழித்துவிட்டுத் தன் விலையைச் சொல்வார். காயவைக்கத் தளமில்லை, கடன் தவணை நெருக்குகிறது. கொடுத்தே ஆக வேண்டும்.

இப்படி நாலைந்து போகம் போனபின், ஒருவர் அடுத்த விதைப்புக்கு எழும்பாமல் திண்ணையில் இருக்கிறார். ஊர் அவருக்குப் 'பஞ்சி' என்கிறது. அவர் சொல்வது ஒன்றுதான்: "என்னத்தைச் செய்து என்னத்துக்கு?" மூளை அறிவியலின் கண்ணால் பார்த்தால், இது பஞ்சிக்காரனின் சாட்டு இல்லை. கணக்குப் பார்த்து வந்த விடை.

குரங்கும் பழச்சாறும்

அந்தக் கணக்கில் பங்குள்ள டோபமைன் என்ற மூளை இரசாயனத்தை 'இன்ப இரசாயனம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். சுவிற்சர்லாந்தின் பிரிபோ பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்ராம் சூல்ட்ஸ் குரங்குகளில் செய்த பரிசோதனைகள் வேறொன்றைக் காட்டின. ஒரு விளக்கு எரியும். சற்றுப் பொறுத்துப் பழச்சாறு வரும். தொடக்கத்தில் சாறு வாயில் பட்டதும் டோபமைன் நரம்புக் கலங்கள் துடித்தன. பழகிய பிறகு துடிப்பு விளக்கு எரியும் கணத்துக்கு முந்திக்கொண்டது. சாறு வந்தபோது அவை அலட்டிக்கொள்ளவில்லை. விளக்கை எரித்துவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழமையைவிடக் கீழே இறங்கியது.

அதாவது இந்தக் கலங்கள் பலனை அளக்கவில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே அளக்கின்றன. கூடக் கிடைத்தால் 'இதைத் திரும்பச் செய்', குறைந்தால் 'இதை நம்பாதே' என்று மூளைக்கு எழுதி வைக்கின்றன. பீற்றர் டயான், ரீட் மொன்டேகு ஆகியோரோடு சூல்ட்ஸ் 1997இல் இந்த விளக்கத்தை வெளியிட்டார். வெள்ளமும் விலையும் மாறிமாறி ஏமாற்றிய வயலைப் பற்றி ஒரு மூளை என்ன எழுதி வைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பூனைக்காலி சொல்லும் சாட்சி

டோபமைனின் வேலையில் கற்பது ஒரு பாதி. எழும்பிப் போவது மறு பாதி. 1950களின் பிற்பகுதியில் சுவீடனின் ஆவிட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. எல்-டோபா ஏற்றியதும் எழும்பி நடமாடின. மூளையில் டோபமைனுக்குத் தனி வேலை உண்டு என்பது அப்படித் தெரிய வந்தது. 2000ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. ரெசர்பின் நம் நாட்டு வைத்தியர்கள் அறிந்த சர்ப்பகந்தாவிலிருந்து வந்த மருந்து. எல்-டோபாவோ, தோலில் பட்டால் சொறிய வைக்கும் பூனைக்காலியின் விதையில் இருப்பது. அதை அந்த விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937இலேயே எழுதியவர்கள் சென்னையில் ஆராய்ச்சி செய்த தாமோதரனும் இராமசாமியும்.

பிற்காலத்தில் ஜோன் சலமோன் எலிகளில் இன்னொன்றைக் கண்டார். டோபமைன் குறைந்த எலிக்கும் நல்ல தீனி பிடிக்கிறது. முன்னால் இருந்தால் தின்கிறது. அதற்காக நெம்புகோலைப் பலமுறை அழுத்தத்தான் மனம் வரவில்லை. பக்கத்தில் சும்மா கிடக்கும் சாதாரணத் தீனியோடு நின்றுவிடுகிறது. ஆசை செத்துப்போகவில்லை, பாடுபடுவது கட்டுபடியாகாது என்று ஆகிவிட்டது.

எலியை விட்டு நம் மனிதருக்கு வந்தால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநலப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரில் அடிபட்ட வடபகுதிச் சமூகங்கள் ஊக்கமிழந்து, மௌனமாகி, பிறரில் தங்கி நிற்பதைப் பற்றி 2007இல் எழுதினார். 2010இல் வன்னியின் கூட்டு மனவடுவைப் பற்றித் தனியே எழுதினார். 2009இல் போர் முடிந்தபின் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். அவற்றில் ஒன்றான மெனிக் பாம் 2012இல்தான் மூடப்பட்டது. தன் கையால் எதையும் மாற்ற முடியாமல் வரிசையில் நின்ற காலம் அது. இழப்பின் துயரத்தை ஓர் இரசாயனத்துக்குள் அடக்கிவிட முடியாது. ஆனால் முயற்சிக்கும் பலனுக்கும் இருந்த தொடுப்பு அறுந்ததையும் அந்தத் துயரக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

குறுக்கு வழிகள்

வயல் தராத துடிப்பை வேறு இடத்தில் வாங்கலாம். பஸ் நிலையத்து லொத்தர் சீட்டைப் பாருங்கள். விழுமா விழாதா என்று தெரியாமல் காத்திருக்கும் நேரத்திலேயே டோபமைன் கலங்களின் துடிப்பு ஏறிக்கொண்டு போவதை 2003இல் சூல்ட்ஸின் குழு காட்டியது. ஐஸ் போதைப்பொருள் இன்னும் மோசம். இயல்பான பலன் பழகப் பழக வித்தியாசம் குறைந்து துடிப்பு அடங்கும். ஐஸ் டோபமைனை நேரடியாகக் கொட்டவைப்பதால் ஒவ்வொரு முறையும் 'எதிர்பார்த்ததைவிடக் கூட' என்ற பொய்க் கணக்கே பதிகிறது. இளைஞருக்குப் புத்தி சொல்லி மட்டும் இதை அழிக்க முடியாது.

சின்னதாய், தவறாமல்

மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒன்று, மனம் வரட்டும் என்று காத்திராமல் சின்ன வேலையில் தொடங்கச் சொல்கிறது. முயற்சிக்குப் பின் பலன் கிட்டத்தில், தவறாமல் வந்தால் மூளை கணக்கைத் திருத்தும். நாலு மாதம் காத்திருந்து மழையோடும் விலையோடும் மல்லுக்கட்டும் நெல்லுக்குப் பக்கத்தில், காலையில் முட்டை இடும் நாலு கோழியும், பால் சேகரிப்பு நிலையத்தில் காசு தரும் பசுவும் வருமானத்துக்கு மேலான ஒன்றைத் தருகின்றன: செய்தால் கிடைக்கும் என்ற பாடம்.

பெரிய பாடம் அரசின் கையில். 2024/25 காலபோகத்துக்கு நெல்லின் உத்தரவாத விலை 2025 பெப்ரவரியில்தான் வந்தது: நாட்டு நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. பல வயல்களில் அப்போது வெட்டு தொடங்கிவிட்டது. அதே விலையை விதைப்புக்கு முன் சொல்லி, சொன்னபடி வாங்கி, வெள்ளம் வந்த வருடத்தில் காப்புறுதிக் காசை அடுத்த விதைப்புக்குள் கொடுத்தால், வன்னியில் தன்னம்பிக்கைக் கருத்தரங்கு வைக்கத் தேவையிராது.