குறுந்தொகை 196 ஆம் பாடல்

குறுந்தொகையின் 196 ஆம் பாடல், மிளைக்கந்தன் என்னும் சங்ககாலப் புலவர் இயற்றிய ஆறடிப் பாடலாகும். இனித்த காதல் கசந்துபோனதை இரண்டு உண்பொருள்களின் சுவையைக் கொண்டு இது விளக்குகிறது. மருதத் திணையைச் சார்ந்த இப்பாடல் தோழி கூற்றாக அமைந்துள்ளது. இப்புலவர் பாடியதாக இன்று கிடைப்பது இந்த ஒரு பாடலே.

பாடலின் சூழல்

தலைவன் தலைவியைப் பிரிந்து பரத்தையிடம் சென்று, பின்னர் வீடு திரும்புகிறான். தலைவி ஊடல் கொண்டிருப்பாள் என்பதை அவன் அறிவான். ஆகவே நேரே உள்ளே செல்லாமல், தன்னை ஏற்றுக்கொள்ளச் செய்யுமாறு தோழியின் துணையை நாடுகிறான். இதனை 'வாயில் வேண்டல்' என்று அகப்பொருள் நூல்கள் குறிப்பிடும். அவ்வேளையில் தோழி அவனுக்குக் கூறும் மறுமொழியே இப்பாடல்.

பாடலின் பொருள்

தோழி கூறுவதன் கருத்து வருமாறு: முன்பு என் தோழி பச்சை வேப்பங்காயைத் தந்தாலும் அதை இனிய வெல்லக்கட்டி என்றீர். இப்போதோ, பாரியின் பறம்பு மலையில் உள்ள குளிர்ந்த சுனையின் தெளிந்த நீரை, அதுவும் தை மாதத்தில் குளிர்ந்திருக்கும்போது தந்தாலும், சுடுகிறது, உவர்க்கிறது என்கிறீர். ஐயா, அன்பின் தன்மை அவ்வாறாயிற்று.

உவமைகளின் பொருத்தம்

வேப்பங்காயும் சுனைநீரும் ஒரே கையிலிருந்து வருபவை. தருபவள் மாறவில்லை, பெறுபவனின் நாவே மாறியுள்ளது. சுவை பொருளில் மட்டும் இல்லை, அதை ஏற்பவரின் மனத்திலும் உள்ளது என்பதே பாடலின் மையக் கருத்து. காதல் கசந்ததற்குத் தலைவியிடம் குறை தேட இடமில்லை என்பதையும் தோழி இதன்வழி உணர்த்திவிடுகிறாள்.

இரண்டு பொருள்களும் எல்லை நிலையில் வைத்துக் கூறப்பட்டுள்ளன. வேம்பின் பழுத்த கனியில் ஓரளவு இனிப்பு உண்டு. சிற்றூர்ச் சிறுவர்கள் அதைச் சுவைப்பதும் உண்டு. பச்சைக் காயில் அந்த இனிப்புக்கும் இடமில்லை. அதனாலேயே புலவர் கனியை விடுத்துக் காயைக் கூறினார் எனலாம். வேம்பு, மதுரையை ஆண்ட பாண்டியரின் அடையாள மாலையாகவும் இருந்தது. எனினும் இப்பாடலில் அது கசப்பைக் குறிக்கவே வருகிறது.

நீரைக் குறித்த உவமையும் இவ்வாறே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழை ஓய்ந்த பின், தை மாதத்தில் நீர் தெளிந்து குளிர்ந்திருக்கும். பரிபாடல், மதுரையை ஒட்டி ஓடும் வையையில் மகளிர் ஆடும் தைந்நீராடலைப் பற்றிப் பேசுகிறது. மலைச்சுனை, தெளிவு, குளிர்ச்சி, தை மாதம் என இனிமைக்கான அனைத்தும் கூடிய நீரையே தலைவன் வெறுக்கிறான்.

பறம்பு மலையின் சுனை

பறம்பு, கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பாரியின் மலை. இது மதுரைக்கு வடகிழக்கே, சிவகங்கை மாவட்டத்தில் உள்ள பிரான்மலை என்று கருதப்படுகிறது.

இச்சுனையின் நீர் புறநானூற்றின் 176 ஆம் பாடலிலும் உவமையாக வருகிறது. ஓய்மான் நல்லியக்கோடனைப் பாடிய புறத்திணை நன்னாகனார், அவனைக் காணாமல் கழித்த நாள்களை எண்ணி வருந்துகிறார். தம் ஊரிலேயே இருப்பதால் பறம்பின் சுனைநீரை மதியாதவர்களைப் போலத் தாமும் இருந்துவிட்டதாக அவர் கூறுகிறார். அருகில் இருக்கும் அரியதை மனிதர் மதிப்பதில்லை என்னும் அக்கருத்து, குறுந்தொகைத் தலைவனுக்கும் பொருந்துகிறது.

அருஞ்சொற்கள்

பழஞ்சொற்கள் சில இன்றைய வாசகரைத் தவறான பொருளுக்கு இட்டுச் செல்லக்கூடும்.

வெய்ய: இங்கு வெப்பம் உடையவை என்று பொருள். வெம்மை என்னும் உரிச்சொல்லுக்கு விருப்பம் என்ற பொருளும் உண்டெனத் தொல்காப்பியம் கூறும். உவர்ப்புடன் சேர்ந்து வருவதால் அப்பொருள் இங்குப் பொருந்தாது.

அற்று: அத்தன்மையது என்று பொருள். 'இல்லாமற் போதல்' என்று கொண்டால் பாடலின் முடிவு பிழைபடும்.

பால்: பகுதி அல்லது இயல்பு. பருகும் பால் அன்று.

இறுதி அடியின் பொருள்

இறுதி அடியில் அன்பு யாருடையது என்பதைக் காட்டும் சொல் இல்லை. எனவே இரு வகையாகப் பொருள் கொள்ளலாம். 'உம்முடைய அன்பு அவ்வாறாயிற்று' என்று கொண்டால், அது தலைவன் மீதான நேரடிக் குற்றச்சாட்டு. 'அன்பு என்பதே அத்தன்மையது' என்று கொண்டால், அது காதலைப் பற்றிய கசப்பான பொது உண்மை. தோழி தலைவனின் முன்னைய சொல்லையும் இன்றைய சொல்லையும் எதிரெதிரே வைத்துப் பேசுவதால், முதற்பொருளே சூழலுக்கு மிகவும் இயைகிறது.

தோழி கடுஞ்சொல் எதனையும் கூறவில்லை. 'ஐய' என்று விளித்து மரியாதைப் பன்மையிலேயே பேசுகிறாள். மனைக்குரிய தலைவனை வெளிப்படையாகத் தடுக்க அவளால் இயலாது. அவன் கூறிய இரண்டு கூற்றுகளை அவனிடமே திருப்பிச் சொல்வதொன்றே அவளால் இயன்ற கண்டனம். அவனை உள்ளே விட்டாளா, இல்லையா என்பதைப் பாடல் கூறாமலேயே முடிகிறது.

பதிப்பும் உரையும்

குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதியதாகக் கூறப்படும் பழைய உரை கிடைக்கவில்லை. 1915 இல் சௌரிப்பெருமாள் அரங்கனும் 1937 இல் உ. வே. சாமிநாதையரும் இந்நூலை உரையுடன் பதிப்பித்தனர். பழைய உரை இல்லாமையால், இப்பாடலின் இறுதி அடி போன்ற இடங்களில் பாடலின் சூழலைக் கூறும் துறைக்குறிப்பே பொருள் காண்பதற்கு முதன்மைத் துணையாக உள்ளது.