தன்னாற்றல் நம்பிக்கையும் விளையாட்டுத் திறனும்

தன்னாற்றல் நம்பிக்கை என்பது, குறிப்பிட்ட ஒரு செயலைக் குறிப்பிட்ட ஒரு நிலை வரை தன்னால் செய்து முடிக்க இயலும் என்று ஒருவர் தன்னைப் பற்றிக் கொண்டுள்ள மதிப்பீடு ஆகும். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977 ஆம் ஆண்டில் முன்வைத்த இக்கருத்துரு, விளையாட்டு உளவியலில் மிகுதியாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. நம்பிக்கை மிகுந்திருப்பதால் ஒருவர் நன்றாக விளையாடுகிறாரா, நன்றாக விளையாடுவதால் அவருக்கு நம்பிக்கை மிகுகிறதா என்பதே இவ்வாய்வுகளின் மையக் கேள்வியாகும். இரண்டும் உண்மை என்பதும், இரண்டாவது விளைவே பெரும்பாலும் வலுவானது என்பதும் இதுவரையிலான முடிவுகள்.

கருத்துரு

அன்றாடப் பேச்சில் வழங்கும் தன்னம்பிக்கை என்ற சொல் பொதுவான ஒரு மனநிலையைக் குறிக்கிறது. தன்னாற்றல் நம்பிக்கையோ ஒரு செயலுடன் பிணைந்தது. கூடைப்பந்து வீரர் ஒருவருக்குக் கட்டற்ற எறிதலில் உறுதியான நம்பிக்கையும், தடுப்பாட்டத்தில் ஐயமும் ஒரே வேளையில் இருக்கலாம். தன்மதிப்பும் இதனின்று வேறானது. தமக்கு நீச்சல் வராது என்று நன்கு அறிந்த ஒருவர் அதனால் தம்மைத் தாழ்வாகக் கருத வேண்டியதில்லை.

இதனால் இதை அளக்கும் முறையும் செயலுக்கேற்ப அமைக்கப்படுகிறது. பத்து எறிதல்களில் ஐந்து கூடையில் விழச் செய்ய முடியுமா, ஆறு முடியுமா, ஏழு முடியுமா என ஒவ்வொரு படியாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை உறுதியைக் குறிக்கச் செய்வர். எத்தனையாவது படி வரை முடியும் என்கிறார் என்பது நிலை எனவும், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பது வலிமை எனவும் கொள்ளப்படும்.

தோற்றம்

கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பண்டுரா (1925–2021) விளையாட்டை ஆராய்ந்து இக்கோட்பாட்டை அடையவில்லை. பாம்பைக் கண்டு அளவு கடந்து அஞ்சுவோருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சைகளை ஒப்பிட்டதே அதன் அடிப்படை. ஒருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்தவர்களை விட, துணையுடன் தாமே படிப்படியாகக் கையாண்டவர்களிடம் நம்பிக்கை கூடுதலாக வளர்ந்தது. பாம்பை எவ்வளவு நெருங்குவர் என்பதை அந்நம்பிக்கையைக் கொண்டே ஏறக்குறைய முன்கூட்டிச் சொல்லவும் முடிந்தது.

இந்நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைப் பண்டுரா குறிப்பிட்டார். முதலாவதும் வலிமை மிக்கதும் சொந்த அனுபவம், அதாவது முன்னரே செய்து வென்றமை. தம்மை ஒத்த ஒருவர் செய்வதைக் காண்பது இரண்டாவது. பயிற்றுநர் போன்றோரின் ஊக்கச்சொல் மூன்றாவது. இதயத்துடிப்பு, வியர்வை, நடுக்கம் போன்ற உடல் அறிகுறிகளை ஒருவர் எவ்வாறு பொருள் கொள்கிறார் என்பது நான்காவது. போட்டிக்கு முன் படபடக்கும் நெஞ்சை ஒருவர் அச்சமாகவும் மற்றொருவர் ஆயத்தமாகவும் கொள்ளலாம். ஊக்கச்சொல் தனித்து நின்றால் வலுக்குறைந்தது என்பதைப் பயிற்றுநர்கள் கவனிக்க வேண்டும். "உன்னால் முடியும்" என்று பலமுறை கூறுவதிலும், முடியக்கூடிய ஒரு படியை அமைத்துக் கொடுப்பது பயனுள்ளது.

சோதனைகள்

1979 இல் வெயின்பெர்க், கூல்டு, ஜாக்சன் ஆகியோர் கால் தசைகளின் தாங்குதிறனைச் சோதிக்கும் போட்டி ஒன்றை நடத்தினர். பங்கேற்றோருள் ஒரு பகுதியினரிடம், எதிரில் இருப்பவர் முழங்காலில் காயம்பட்டவர் என்று கூறப்பட்டது. மற்றவர்களிடம் அவர் தேர்ந்த தடகள வீரர் என்று கூறப்பட்டது. உண்மையில் எதிராளி ஆய்வாளர்களுடன் ஒத்துழைத்தவர்; பங்கேற்றோர் அனைவரும் தோற்குமாறே போட்டி அமைக்கப்பட்டிருந்தது. எதிராளியை எளியவராகக் கருதி நம்பிக்கை மிகுந்திருந்தவர்கள் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தனர். முதல் தோல்விக்குப் பின் அவர்கள் மேலும் முயன்றனர். நம்பிக்கை குறைந்திருந்தோர் மேலும் தளர்ந்தனர். உடலின் வலு மாறாதிருக்க, எதிராளியைப் பற்றிய ஒரு செய்தியே முயற்சியின் அளவை மாற்றியது என்பதால் இச்சோதனை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

டெபோரா ஃபெல்ட்ஸ் 1982 இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. கல்லூரி மாணவியர் பின்புறமாக நீரில் பாயும் செயலை நான்கு முறை முயன்றனர். முதல் பாய்ச்சலைச் செய்வரா, தயங்கி விலகுவரா என்பதை அவர்களது நம்பிக்கை நன்கு முன்னறிவித்தது. அதன் பிறகான முயற்சிகளில் முந்தைய பாய்ச்சல் எவ்வாறு அமைந்தது என்பதே சிறந்த முன்னறிவிப்பாக மாறியது. செயல் நம்பிக்கையை வளர்த்த அளவுக்கு நம்பிக்கை செயலை வளர்க்கவில்லை. புதிய, அச்சமூட்டும் செயலின் வாயிலில் நம்பிக்கை பெரிதும் உதவுகிறது. வாயிலைக் கடந்த பின் அனுபவம் அதன் இடத்தைப் பிடித்துக் கொள்கிறது.

தொடர்பின் அளவு

மோரிட்ஸ் முதலானோர் 2000 ஆம் ஆண்டில் 45 ஆய்வுகளைத் தொகுத்துப் பகுத்தபோது, தன்னாற்றல் நம்பிக்கைக்கும் விளையாட்டுத் திறன் வெளிப்பாட்டுக்கும் இடையிலான சராசரி ஒட்டுறவுக் கெழு 0.38 எனக் கண்டனர். இதன் வர்க்கம் ஏறத்தாழ 0.14. அதாவது வீரர்களின் திறன் வெளிப்பாட்டில் காணும் வேறுபாடுகளில் ஏறக்குறைய 14 விழுக்காடு மட்டுமே நம்பிக்கையில் காணும் வேறுபாட்டுடன் இணைந்து செல்கிறது. மனித நடத்தை பற்றிய ஆய்வுகளில் இது சிறிய எண் அன்று. எனினும் "நம்பிக்கையே எல்லாம்" என்னும் சுயமுன்னேற்ற நூல்களின் கூற்றுக்கு இது இடம் தருவதில்லை. மேலும், ஒட்டுறவு மட்டும் காரணத்தை நிறுவுவதில்லை.

மிகையான நம்பிக்கை

ஆட்களை ஒருவரோடொருவர் ஒப்பிடாது, ஒரே ஆளைப் பல முயற்சிகளில் தொடர்ந்து கவனித்தால் முடிவு சில நேரம் தலைகீழாகிறது. வான்கூவர் என்னும் உளவியலாளரும் உடனிருந்தோரும் 2001 இலும் 2002 இலும் வெளியிட்ட ஆய்வுகளில், முன்னைய வெற்றியால் உயர்ந்த நம்பிக்கை அடுத்த முயற்சியில் கவனத்தைக் குறைத்தது. அவை விளையாட்டரங்கில் அன்றி, புதிர் விளையாட்டைக் கொண்டு நடத்தப்பட்டவை. விளையாட்டில் இதைச் சோதித்தவர்கள் டிம் வுட்மன் குழுவினர். 2010 இல் வெளியான அவர்களது ஆய்வில், கயிறு தாண்டுதலில் தேர்ந்தவர்களுள் ஒரு பகுதியினரின் நம்பிக்கை திட்டமிட்டே சற்றுக் குறைக்கப்பட்டது. அவர்களது திறன் வெளிப்பாடு உயர்ந்தது. திறமை ஏற்கனவே கைவந்தவர்களுக்குச் சிறிதளவு ஐயம் கூடுதல் முயற்சியைத் தூண்டலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதைத் தொடக்கநிலை மாணவருக்குப் பொருத்திப் பார்ப்பது தவறாகும்.

அணியின் நம்பிக்கை

அணி விளையாட்டுகளில் "எங்களால் முடியும்" என்னும் கூட்டு நம்பிக்கை தனியே அளக்கப்படுகிறது. ஃபெல்ட்ஸ், லிர்க் ஆகியோர் கல்லூரி ஐஸ் ஹாக்கி அணிகள் ஆறினை ஒரு பருவம் முழுவதும் பின்தொடர்ந்து 1998 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆட்ட முடிவை வீரர்களின் தனிப்பட்ட நம்பிக்கையை விட அணி மீதான நம்பிக்கையே நன்கு முன்னறிவித்தது. வெற்றிக்குப் பின் உயர்ந்ததும் தோல்விக்குப் பின் சரிந்ததும் அணி மீதான நம்பிக்கையே. வீரர்கள் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பீடு அவ்வாறு ஆடவில்லை.

நான்கு நிமிட மைல்

இப்பொருளில் அடிக்கடி சொல்லப்படும் கதை ரோஜர் பானிஸ்டர் பற்றியது. 1954 மே 6 அன்று ஆக்சுபோர்டில் அவர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடிகளில் ஓடினார். மனத்தடை உடைந்ததும் ஓராண்டுக்குள் பலர் நான்கு நிமிட எல்லையைக் கடந்தனர் என்று அக்கதை முடியும். பதிவுகள் இதனை உறுதி செய்யவில்லை. 1942 முதல் 1945 வரை சுவீடனின் குன்டர் ஹேக், ஆர்னே ஆண்டர்சன் இருவரும் மாறி மாறிச் சாதனையைக் குறைத்து 4 நிமிடம் 1.4 வினாடிகளுக்குக் கொண்டு வந்தனர். உலகின் பெரும்பகுதி போரில் இருந்தது. சுவீடன் நடுநிலை நாடு. பின்னர் பணம் பெற்றதற்காக இருவரும் தடை செய்யப்பட்டனர். அதன் பின் ஒன்பது ஆண்டுகள் சாதனை அசையாதிருந்ததற்கு, மனத்தடையைத் தவிர இவையும் காரணங்கள்.

பானிஸ்டருக்கு 46 நாட்கள் கழித்து, சூன் 21 அன்று, ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி பின்லாந்தின் துர்க்கு நகரில் 3 நிமிடம் 58.0 வினாடிகளில் ஓடினார். பானிஸ்டரின் வெற்றி அவருக்குத் துணிவு அளித்திருக்கலாம். ஆனால் பானிஸ்டருக்கு வேகம் அமைத்துக் கொடுத்த கிறிஸ் சாட்டவே, துர்க்கு பந்தயத்தில் லாண்டிக்குப் போட்டியாளராக ஓடினார் என்பதும் கருதத்தக்கது. அடுத்து எல்லையைக் கடந்தவர்கள் லாஸ்லோ தாபோரி, சாட்டவே, பிரையன் ஹியூசன் ஆகிய மூவர். 1955 மே 28 அன்று இலண்டனில், ஒரே பந்தயத்தில் அவர்கள் அதைக் கடந்தனர். முதல் ஓட்டத்துக்குப் பின் ஓராண்டு கடந்திருந்த அந்நாளில் பட்டியலில் இருந்தோர் மொத்தம் ஐவர்.