மரபணுவைச் சுமக்கும் கொழுப்பு

‘ஊசி போட்டால் மரபணு மாறிவிடுமாமே?’ 2021இல் பிரிஞ்சாங் முதல் கிள்ளான் வரை நம் வீடுகளில் எழுந்த கேள்வி இது.

மரபணுவுக்கு எதிர்மின்னூட்டம், உயிரணுவின் சவ்வுக்கும் அப்படியே. ஒன்றையொன்று தள்ளும். 1987இல் அமெரிக்காவின் பிலிப் ஃபெல்க்னர் குழு, நேர்மின்னூட்டக் கொழுப்போடு டி.என்.ஏ.வைச் சேர்த்து உயிரணுக்களுக்குள் அனுப்பியது. ஆய்வுக்கூடங்களில் இன்று இது அன்றாட வேலை. ஆனால் அளவு மிஞ்சினால் அந்தக் கொழுப்பே உயிரணுவைக் கொன்றுவிடும்!

பைசர் ஊசியில் இருப்பது அதன் சாதுவான தம்பி. ரத்தத்தில் பெரும்பாலும் மின்னூட்டமின்றிப் போகும். உயிரணுவுக்குள் அமிலத்தைக் கண்டதும் நேர்மின்னூட்டம் பெற்றுச் சரக்கை இறக்கும். சரக்கு எம்.ஆர்.என்.ஏ. அது மரபணு இருக்கும் உட்கருவுக்குள் போவதில்லை. வேலை முடிந்ததும் சிதைந்துவிடும்.

தொடக்கத்தில் -70 பாகைக் குளிரில் வைக்கவேண்டியிருந்த ஊசி அது. பிரிஞ்சாங் குளிரெல்லாம் அதற்கு வெயில்தான்.