தலையில் பச்சை குத்திக்கொண்ட பின்

முடி உதிர்ந்துபோன தலையில், மழித்த மயிர்க்கால்களைப் போலத் தோன்றும் சிறு கரும்புள்ளிகளை ஊசியால் பதித்து வழுக்கையை மறைக்கும் முறை ஒன்று நகரங்களில் பரவி வருகிறது. ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன் என்று அதற்குப் பெயர். பெயர் நீளமானதேயன்றிச் செய்கை நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் குறத்தியின் முன் கையை நீட்டிப் பச்சை குத்திக்கொண்டார்களே, அந்தப் பச்சைதான் இன்று மின்சார ஊசியுடன் தலைக்கு ஏறியிருக்கிறது. பச்சை குத்தும் பொறிக்கு அமெரிக்காவில் சாமுவேல் ஓ'ரைலி என்பவர் 1891ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார்.

டோம்பிவிலியிலும் அதை அடுத்த ஊர்களிலும் வாழும் நம்மவரில் இதை நாடுவோரை நாம் பரிகசிக்கப் போவதில்லை. முப்பது வயதுக்குள் வழுக்கை விழுந்த இளைஞனுக்கும், வகிடு அகன்றுபோன பெண்மணிக்கும் கண்ணாடி தரும் வேதனை அவரவர்க்கே தெரியும். ஆனால் செலவு எவ்வளவு என்று கேட்பவர்களில் பலர், அதற்குப் பின் தலையை எப்படிக் காப்பது என்று கேட்பதில்லை.

முதலில், சாயம் ஏன் நிலைத்து நிற்கிறது என்று பார்ப்போம். மேல்தோல் நாள்தோறும் உதிர்ந்து புதிதாக வளர்வது. அதில் தங்கும் சாயம் சில வாரங்களில் போய்விடும். ஆகையால் ஊசி அதற்குக் கீழேயுள்ள உள்தோலின் மேற்பகுதிவரை இறங்க வேண்டும். அங்கே, அந்நியப் பொருளை விழுங்கி அழிப்பதற்கென்றே உடலில் உள்ள அணுக்கள் சாயத்தை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடியாமல் அதை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகின்றன. ஊசி மிக ஆழமாக இறங்கினால் சாயம் கசிந்து புள்ளி மங்கலாகப் பரவும். வேலை ஒரே நாளில் முடிவதில்லை. சில வார இடைவெளியில் இரண்டு மூன்று அமர்வுகள் தேவைப்படும்.

குத்தியவுடன் தலை சிவக்கும், சற்று வீங்கும், பிறகு அரிக்கும். சிறு சிறு பொருக்குகள் கட்டி ஒரு வாரம் பத்து நாளில் உதிரும். முதலில் மிகக் கறுப்பாகத் தோன்றிய நிறம் பிறகு இளகும். இவற்றுக்காக அஞ்ச வேண்டுவதில்லை.

அஞ்ச வேண்டியது கிருமிக்கு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் என்னும் நகரில், 2011ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டிப் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் தடிப்புகள் எழுந்தன. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்ததும் நீரில் வாழ்வதுமான மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற கிருமியே காரணம் என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அது எங்கிருந்து வந்தது? கறுப்பு மையில் வாலைவடிநீர் கலந்து, சாம்பல் நிறமாக விற்கப்பட்ட மையிலிருந்து வந்தது. திறக்கப்படாத புட்டியிலும் அதே கிருமி இருந்தது. வாலைவடிநீர் உப்பு நீங்கிய நீரேயன்றிக் கிருமி நீங்கிய நீர் அன்று. இந்த வேறுபாட்டைப் படித்தவரும் மறந்துவிடுகிறார்கள். தலைக்குக் குத்தும் மையும் அவரவர் முடியின் நிறத்திற்கேற்ப நீர் சேர்த்து இளக்கப்படுவதுண்டு. ஆதலால், "எந்த நீரைக் கலக்கிறீர்கள்?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். உறையிட்ட புது ஊசியை நம் கண்முன் பிரிக்கச் சொல்வதும் அவ்வாறே. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை பிறர் இரத்தம் பட்ட ஊசியால் பரவக்கூடியவை.

சிலர் இம்முறையைத் தவிர்ப்பதே நலம். காயம் பட்ட இடமெல்லாம் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உடையவர்களையும், சோரியாசிஸ், வெண்புள்ளி நோய் உள்ளவர்களையும் இதில் சேர்க்கலாம். ஊசி பட்ட இடத்தில் அந்நோய்கள் புதிதாகக் கிளம்புவதுண்டு. தலைச்சாயம் பூசி ஒருமுறை முகம் வீங்கியவர், அதை முன்னதாகவே தோல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புழுவெட்டு கண்டவர் அவசரப்படக் கூடாது. அங்கே முடி தானே திரும்ப முளைப்பதும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவாலும் தைராய்டு கோளாறாலும் முடி கொட்டுகிறதென்றால், வைத்தியம் அதற்கேயன்றித் தலைக்கு மை பூசுவது அன்று.

இனி, பிற்காப்பு. முதல் நான்கு நாள் தலையில் நீர் படலாகாது என்பதே பெரும்பாலோர் சொல்லும் விதி; அதன் பிறகும் சுத்தமான நீரால் மெல்ல ஒற்ற வேண்டுமேயன்றித் தேய்க்கலாகாது. ஒரு வாரமேனும் வியர்வை பெருகும் வேலை கூடாது. இங்கேதான் டோம்பிவிலிவாசிக்குச் சங்கடம். காலை நெரிசலில் தாதர்வரை நின்றுகொண்டு செல்பவர் வியர்க்காமல் எப்படி இருப்பது? ஆகவே விடுப்பு எடுத்துக்கொண்டே இதில் இறங்க வேண்டும். மே மாதப் புழுக்கத்தையும் மழைக்காலத்தையும் விலக்கி, டிசம்பர், ஜனவரியைத் தேர்ந்துகொள்வது உத்தமம். தலைக்கவசம் அணிந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் அந்நாள்களில் வண்டியையே விட்டுவிட வேண்டும். கவசத்தை விடுவது தீர்வாகாது.

நம் வழக்கங்களும் சில குறுக்கே நிற்கும். சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் தலைப்புண் முற்றும் ஆறும்வரை வேண்டாம். பாட்டி காலத்தில் குத்திய இடத்தில் மஞ்சளும் எண்ணெயும் தடவினார்களே என்று யாரேனும் நினைவூட்டக்கூடும். அக்காலத்தில் புரையோடியவர்களின் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. வகிட்டில் வைக்கும் குங்குமம், தலைச்சாயம், நாவிதர் கத்தி, குளத்து நீச்சல் யாவும் ஒரு மாதம் காத்திருக்கட்டும். பொருக்கை நகத்தால் பெயர்த்தால் புள்ளியும் அதனுடன் பெயர்ந்து வரும். வெயிலுக்குக் குடை பிடியுங்கள்.

பெண் பார்க்க ஊருக்குப் புறப்படும் இளைஞர்கள் பயணத்திற்கு இரண்டு நாள் முன்பு குத்திக்கொண்டு ரயில் ஏறுவது விவேகம் அன்று. ஓர் இரவும் ஒரு பகலும் புழுதியில் இருந்துவிட்டு, பொருக்குத் தலையுடன் இறங்க நேரும். கடைசி அமர்வுக்கும் பயணத்திற்கும் இடையே ஒரு மாதம் இருக்கட்டும்.

மூன்று நான்கு நாளுக்குப் பின் வலியும் சிவப்பும் குறையாமல் கூடினாலும், சீழ் கட்டினாலும், காய்ச்சல் கண்டாலும், ஆறிய தலையில் சில வாரம் கழித்துச் சிறு கட்டிகள் எழுந்தாலும், குத்தியவரிடம் களிம்பு கேட்டு நிற்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். டோம்பிவிலியில் மாநகராட்சியின் சாஸ்திரி நகர் மருத்துவமனை உண்டு. தோல் நோய்க்கெனத் தனிப் பிரிவு வேண்டுமாயின் சயான் மருத்துவமனை ரயில் வழியிலேயே இருக்கிறது. தலையில் ஊசி குத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். மேலே கூறிய நீர்க்கிருமி வழக்கமான மருந்துகளுக்குப் பணிவதில்லை, மாதக்கணக்கில் வைத்தியம் வேண்டியிருக்கும். மராத்தியில் பச்சை குத்துவதைக் "கோந்தண்" என்பார்கள். அந்த ஒரு சொல் போதும்.

ஆண்டுகள் செல்லச் செல்லப் புள்ளிகள் மங்கும், சில நீலம் பாயும். மீண்டும் குத்தினால் மீண்டும் இதே பத்தியம்தான். 25 வயதில் நெற்றியோரம் தாழ்வாக வரைந்த கோடு 50 வயது முகத்துக்குப் பொருந்துமா என்பதை முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கத்து முடி நரைக்கும், புள்ளியோ நரைப்பதில்லை. லேசர் ஒளியால் கரிச் சாயத்தைப் பெரும்பாலும் நீக்கலாம். இரும்பு ஆக்சைடு கலந்த சாயமாயின் அதே ஒளியால் மேலும் கறுத்துவிடுவதும் உண்டு. சாயத்தின் பெயரைக் கேட்டுக் குறித்து வைத்திருப்பது அன்று உதவும். எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும்போதும் அதைச் சொல்ல வேண்டும். இரத்ததானம் செய்யும் வழக்கமுள்ளவர்கள், ஊசி பட்ட நாளிலிருந்து 12 மாதங்கள் அதை நிறுத்தி வைக்க வேண்டும்.