பசை இல்லாத பொம்மை

சுனாமிகா என்றொரு பொம்மை உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள். உடம்பு, தலைமுடி எல்லாமே துணியும் நூலும்தான்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா தீவு அருகே கடலடித் தரை குலுங்கியது. அதில் எழுந்த சுனாமி என்னும் ஆழிப்பேரலை நம் கரையோரக் குப்பங்களையும் சூறையாடியது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் ‘உபாசனா’ என்ற ஆடை வடிவமைப்புக் கூடம் இருக்கிறது. அந்த அழிவுக்குப் பிறகு, அதை நடத்திவந்த உமா பிரஜாபதியும் அவர் குழுவினரும், பக்கத்து ஊர் மீனவப் பெண்களுக்கு மிச்சத் துணியில் இந்தப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். செய்யும் பெண்களுக்குக் கூலி உண்டு. பொம்மைக்குத்தான் விலையே கிடையாது! அன்பளிப்பாகவே தருவார்கள். வாங்கியவர்கள் விரும்பிக் கொடுக்கும் நன்கொடையில் அடுத்த பொம்மைகள் பிறக்கும். இப்படியே லட்சக்கணக்கான சுனாமிகாக்கள் உலகெங்கும் போயிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

மிச்சத் துணி எப்படி வருகிறது? துணி நீண்ட செவ்வகம். சட்டையின் கழுத்தும் கையும் வளைவானவை. எவ்வளவு நெருக்கி வரைந்து வெட்டினாலும் நடுவே இடைவெளி விழும். தையல்காரர் காலடியில் கிடக்கும் வெட்டுத்துண்டுகள் அந்த இடைவெளிகள்தாம்.

சரி, அந்தத் துண்டையும் நூலையும் பிடித்துவைத்திருப்பது எது? பருத்திப் பஞ்சின் ஓர் இழை சுமார் 3 சென்டிமீட்டர்தான். நூலோ மீட்டர் கணக்கில் ஓடுகிறது. நடுவில் எங்கும் பசை இல்லை. பாட்டி விளக்குத் திரி திரிப்பதைக் கவனியுங்கள். வெறும் பஞ்சை இழுத்தால் பிய்ந்துவிடும். முறுக்கிய பிறகு இழுத்தால் எளிதில் பிய்யாது. முறுக்கிய இழைகளை இழுக்கும்போது அவை ஒன்றையொன்று அழுத்துகின்றன. அழுத்தம் கூடினால் உராய்வு கூடும். இழை வழுக்கி வெளியே வர முடியாது. பருத்திக்கு இன்னொரு வசதியும் உண்டு: நுண்ணோக்கியில் அதன் இழை முறுக்கிய ரிப்பன்போலத் தெரியும். அந்த வளைவுகள் பக்கத்து இழைகளைப் பற்றிக்கொள்ளும்.

நெசவிலும் உராய்வுதான் வேலை செய்கிறது. நெடுக்கே செல்லும் பாவு நூலின் மேலும் கீழுமாகக் குறுக்கே ஊடை நூல் ஓடுவதால் இரண்டும் ஒன்றையொன்று இறுக்குகின்றன. வெட்டிய ஓரத்தில் மட்டும் அந்தப் பிடி குறைவு. அதனால்தான் அங்கே நூல் பிரிகிறது. பொம்மை செய்பவர்கள் அந்த ஓரத்தை உள்ளே மடிப்பார்கள், அல்லது நூலால் சுற்றிக் கட்டுவார்கள்.

முடிச்சும் உராய்வால்தான் நிற்கிறது. இதை நீங்களே சோதிக்கலாம். பருத்தி நூலில் ஒரு முடிச்சு, வழவழப்பான நைலான் நூலில் அதே முடிச்சு போட்டு இழுத்துப் பாருங்கள். நைலான் எளிதில் நழுவும். அதற்கு இன்னும் எத்தனை சுற்றுச் சுற்றினால் முடிச்சு நிற்கும்? எண்ணிக் குறித்துக்கொண்டு, பிறகு நீங்கள் செய்யும் துணிப் பொம்மையின் கழுத்தைக் கட்டுங்கள்.